எத்திராஜ் சார் எடுத்த ஜாதிக் கணக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் பழைய தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். அவர் எந்தச் செய்தியையும் நேராகச் சொல்ல மாட்டார். பள்ளியில் இருந்தபோதும் அப்படித்தான்; நாளைக்கு விடுமுறை என்று அறிவிக்க வேண்டுமானால் மழை எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குவார். அன்றும் என் முழங்கால் வலியை விசாரித்தார். சிட்லபாக்கம் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்றார். மருமகளுக்கு எத்தனையாவது மாதம் என்றார். அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது. "எல்லாம் சரி மேடம், எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றேன். அதற்குப் பிறகுதான், "நம்ம பி.டி. மாஸ்டர் எத்திராஜ் போயிட்டார்மா" என்றார். எங்கே போனார் என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். அவர் எந்நேரமும் எங்காவது போய்க்கொண்டே இருந்தவர். காலையில் நடந்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாராம். மனைவி கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

பழைய மாணவர்கள் தாம்பரத்தில் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள். என்னையும் பேச அழைத்தார்கள். நான் பேசினால் அழுவேன். அழுதால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பிப் பதினேழாம் வாய்ப்பாடு கேட்பேன். என்னிடம் படித்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே எழுதித் தருகிறேன், யாராவது படித்துவிடுங்கள்.

அவரை அறியாதவர்களும் அந்தக் கூட்டத்துக்கு வருவார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவில், ஓ.எம்.ஆர். சாலை இன்னும் அகலமாகாத காலத்தில், எங்கள் அரசுப் பள்ளி இருந்தது. கடலோரக் குப்பங்களிலிருந்து ஒரு பாதிப் பிள்ளைகள் வருவார்கள். புதிதாக முளைத்த உத்தியோகஸ்தர் காலனிகளிலிருந்து இன்னொரு பாதி வரும். நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். எத்திராஜ் சார் உடற்பயிற்சி ஆசிரியர். அந்த இரண்டு உத்தியோகத்துக்கும் பாம்புக்கும் கீரிக்கும் உள்ள உறவுதான். பி.டி. பீரியட் என்று ஒன்றை அரசாங்கம் வைத்திருப்பதே கணக்கு டீச்சர் விட்ட பாடத்தை முடிப்பதற்குத்தான் என்று நான் மனதார நம்பியிருந்தேன். அவர் மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு நிமிர்வார். நான் போய் நிற்பேன். "எடுத்துக்கோங்க டீச்சர். பசங்க கொஞ்சம் மூச்சு வாங்கட்டும், அப்பறம் எக்ஸு எவ்ளோன்னு கேளுங்க" என்பார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும். சண்டை போட வந்தவளுக்குச் சண்டை கொடுக்காவிட்டால் எப்படி?

அவர் வந்த முதல் வாரமே காலை வழிபாட்டு வரிசையை மாற்றினார். அதுவரை ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதிவைத்ததில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்: காலனிப் பிள்ளைகள் முன்னால், குப்பத்துப் பிள்ளைகள் பின்னால். கேட்டால், வெள்ளைச் சீருடை பளிச்சென்று இருப்பவர்கள் கொடிக்கம்பத்தின் பக்கம் நின்றால் பார்க்க அழகு என்போம். எத்திராஜ் சார் எல்லாரையும் கலைத்து உயரப்படி நிற்கவைத்தார். "எங்கிட்ட ரெண்டே ஜாதி தான். குட்டை, நெட்டை. அதுவும் லீவு முடிஞ்சி வந்தா மாறிடும்" என்றார். மறுநாள் ஒரு வங்கி அதிகாரி, மகள் யார் யார் பக்கத்திலோ நிற்கிறாள் என்று புகாரோடு வந்துவிட்டார். எத்திராஜ் சார் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். தலையிலிருந்து கால்வரை அளந்தார். "அந்தண்ட நிக்கணும்னா ஒரு இஞ்ச் கொறையணும் சார். வூட்ல ஏதாச்சும் பண்ண முடியுமா பாருங்க" என்று பயபக்தியாகக் கேட்டார். அதிகாரி நாடாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கிளம்பிவிட்டார்.

இதையெல்லாம் ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் வேடிக்கை நம் வீட்டு வாசலுக்கு வரும்போதுதான் அதன் விலை தெரியும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு படிவம் வரும். வகுப்பில் பி.சி. எத்தனை, எம்.பி.சி. எத்தனை, எஸ்.சி. எத்தனை, மற்றவர் எத்தனை என்று எழுதி நான்கு மணிக்குள் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு பெயராகப் பார்த்து எழுதலாம். அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும், எழுத்தரின் முகத்தையும் பார்க்க வேண்டும். நாங்கள் அந்தக் கஷ்டமெல்லாம் படுவதில்லை. வகுப்பில் நின்றபடியே, "பி.சி. எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்போம். தலையை எண்ணுவோம். "உக்காருங்க. எம்.பி.சி. எழுந்து நில்லுங்க." ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். என் டீச்சர் என்னை அப்படித்தான் நிறுத்தினார், நான் இவர்களை நிறுத்தினேன். இதில் தவறு இருக்கிறதென்று இருபது வருஷ சர்வீஸில் எனக்குத் தோன்றியதே இல்லை.

எத்திராஜ் சார் எங்களிடம் வந்து சேர்ந்ததும் ஒரு ஜூனில்தான். அந்த வருஷம் என் வகுப்பில் அறுபத்தொரு பேர். எழுந்தவர்களைக் கூட்டினால் அறுபதுதான் வந்தது. கணக்கு டீச்சருக்கே கூட்டல் இடிக்கலாமா? மறுபடியும் எல்லாரையும் எழுப்பி உட்காரவைத்தேன். அறுபதுதான். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யாரு அது, எதுக்குமே எழுந்திருக்காதது?" என்றேன். எல்லாத் தலைகளும் மூன்றாவது பெஞ்சுப் பக்கம் திரும்பின. அங்கே அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். குப்பத்துப் பெண். அம்மா கேளம்பாக்கத்தில் மீன் விற்பவர். நன்றாக ஓடுவாள், சுமாராகப் படிப்பாள், கேட்டால்தான் பேசுவாள். மேசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"உன் ஜாதி என்னன்னு உனக்கே தெரியாதா?" என்றேன்.

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "மீன் கூடை டீச்சர்" என்றது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை, பலமாகவே சிரித்தேன். அப்புறம் அவளை ஏதோ ஒரு கட்டத்தில் சேர்த்து எண்ணிக்கையைச் சரிசெய்து, மூன்றரைக்கே படிவத்தைக் கொடுத்து, தலைமையாசிரியையிடம் பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அஞ்சலை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் தொடர்ந்து வராவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தப் பக்கத்து ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். சில நாள் பதிவேட்டில் ஆப்சென்ட் போடுவோம். பிறகு லாங் ஆப்சென்ட் என்று பெயரை அடிப்போம். பெயர் அடிபட்ட பெண் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கையில் குழந்தையோடு பஸ் நிறுத்தத்தில் பார்த்து, "நல்லா இருக்கீங்களா டீச்சர்" என்பார்கள். அஞ்சலைக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் எத்திராஜ் சார் என் மேசைக்கு வந்தார். "டீச்சர், என் கோ-கோ டீம்ல எட்டு பேர் தான் கீறாங்க. ஒம்போதாவது ஆளு எங்கனு தெரியுமா?" என்றார். "காய்ச்சலா இருக்கும் சார்" என்றேன். "அப்டியா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மற்ற எட்டுப் பெண்களும் அவரிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டம். ஏதோ ஒரு பணிக்கு ஆசிரியர்களின் விவரம் கேட்டிருந்தார்கள். பட்டியல் எடுக்கும் பொறுப்பை எத்திராஜ் சாரிடம் கொடுத்திருந்தார் தலைமையாசிரியை. டீயும் வந்தது. நாங்கள் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு தாளை அட்டையில் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஒருமுறை ஊதினார். நாலு சுவருக்குள் அது இடி மாதிரி கேட்டது. தமிழ் ஐயாவின் டீ வேட்டியில் கொட்டியது.

"ஓ.சி. எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடியது.

அவர் தாளில் ஒரு சைபர் போட்டுக்கொண்டார். "ஓ.சி. சைபர். பி.சி. எழுந்து நில்லுங்க." தமிழ் ஐயா வேட்டியைத் துடைக்க எழப்போனவர், பாதியில் சட்டென்று உட்கார்ந்துகொண்டார். "எம்.பி.சி." யாருமில்லை. "எஸ்.சி." யாருமில்லை. "எஸ்.டி." யாருமில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் பொறுமையாக ஒரு சைபர் போட்டார். அறிவியல் டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன சார் இது அநாகரிகமா? நீங்க முதல்ல நில்லுங்க பாக்கலாம்" என்றார். "நான் காலைல எட்டு மணிலேந்து நின்னுகினு தான் டீச்சர் கீறேன்" என்றார் அவர். பிறகு தாளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "மொத்தம் இருவத்திரெண்டு. எழுந்தது சைபர். கணக்கு இடிக்குதே" என்று மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "இன்னாங்க, அவங்கவங்க ஜாதி அவங்கவங்களுக்கே தெரியாதா?" என்றார்.

அவரைத் தவிர, அந்த அறையில் அந்த வாக்கியம் யாருடையது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

தலைமையாசிரியை மறுநாளே மெமோ கொடுத்தார். ஆசிரியர்களைக் கூட்டத்தில் அவமதித்ததற்கு எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று. எத்திராஜ் சாரின் தமிழ் வாயில்தான் அப்படி; பேனா பிடித்தால் திருத்தமாக எழுதுவார். விளக்கத்தில் நாலே வரி இருந்தது. மாணவர்களிடம் இந்த விவரத்தை எடுக்கும் முறையிலேயே ஆசிரியர்களிடமும் எடுத்ததாகவும், முறை தவறு என்று தலைமையாசிரியை கருதினால் தெரிவிக்கும்படியும், தெரிவித்தால் இரண்டு இடத்திலும் நிறுத்திக்கொள்ளத் தாம் தயார் என்றும் பணிவோடு எழுதியிருந்தார். தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்து மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். பிற்பகலில் ஒரு சுற்றறிக்கை வந்தது: இனி எந்த வகுப்பிலும் மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்லி விவரம் எடுக்கக் கூடாது, பதிவேட்டைப் பார்த்து எழுத வேண்டும், ஏற்கெனவே கொடுத்த படிவங்களையும் அப்படியே திருத்தித் தர வேண்டும். பதினான்கு வகுப்புக்கு யார் பார்த்து எழுதுவது என்று எல்லாரும் முணுமுணுத்தோம். எத்திராஜ் சார்தான் எழுதினார். அலுவலகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்று நாள். "கணக்கு டீச்சர் புண்ணியத்துல எனக்கு பீரியடே இல்ல. சும்மா தான கீறேன்" என்று எழுத்தரிடம் சொன்னாராம்.

நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தப்பு செய்தவள் நான், கோபமும் எனக்குத்தான். "என்னை எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்திட்டீங்க சார்" என்றேன். "உங்க பேர நான் சொல்லவே இல்லியே டீச்சர்" என்றார். "எனக்குத் தெரியுமே" என்றேன். "அப்டின்னா அந்தப் பொண்ணுக்கு எப்டி இருந்திருக்கும்? அவளுக்கு அறுவது பேர் முன்னாடி" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் வலைக்கம்பத்தின் ஆணியை இறுக்கிக்கொண்டே, "நாளைக்கு சாயங்காலம் கேளம்பாக்கம் போறேன். வண்டில பின்னாடி எடம் கீது" என்றார்.

அவருடைய மொபெட்டைப் பார்த்தவர்களுக்கு நான் போன பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பின்னிருக்கையில் சுண்ணாம்பு மூட்டையும் நானும். மேட்டில் ஏறும்போது, "டீச்சர், ரெண்டு நிமிசம் நடந்து வரீங்களா?" என்று இரண்டு முறை இறக்கிவிட்டார். வழியில் பார்த்த என் மாணவர்கள் எல்லாம் வணக்கம் வைத்தார்கள். என் இருபது வருஷ கௌரவம் ஓ.எம்.ஆரில் புழுதியோடு பறந்தது.

மீன் கடைகளின் பக்கம் நான் அதுவரை போனதில்லை. எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. இறங்கியதும் என் கை தானாகக் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனது. எத்திராஜ் சார் என்னைப் பார்க்காமலே, "கர்ச்சீப்ப பையில போட்டுடுங்க டீச்சர்" என்றார். போட்டேன்.

அஞ்சலையின் அம்மா கன்னியம்மா ஒரு சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அஞ்சலை தராசோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப்போனவள், எழுந்திருக்கவில்லை.

"நீங்க தான் கணக்கு டீச்சரா? தள்ளி நில்லுங்க, செதில் தெறிக்கும்" என்றார் கன்னியம்மா. கை நிற்கவேயில்லை. "இவ ஒரு வாரமா எங்கூட தான் குந்திகினு கீறா. எனக்கு ஒத்தாசை தான். ஆனா எட போடச் சொன்னா கால் கிலோவும் கால் கிலோவும் சேந்தா எவ்ளோன்னு யோசிக்கிறா. யார்கிட்ட படிச்சேன்னு கேட்டேன், உங்க பேர தான் சொன்னா."

எத்திராஜ் சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்பட்டை குலுங்கியது.

நான் அஞ்சலையிடம், "ஏம்மா அன்னிக்கு எழுந்திருக்கல?" என்றேன். கேட்டிருக்க வேண்டாம்தான். ஆனால் உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

"போன வருசம் நின்னேன் டீச்சர். மறுநாள் எம்பக்கத்துல குந்தினு இருந்த பொண்ணு வேற பெஞ்சுக்குப் போயிட்டா. இந்த வருசம் பக்கத்துல கீறவ நல்லா பேசுவா. அதான் நிக்கல." தராசுத் தட்டைத் துடைத்தாள். "கிளாஸ்ல எல்லாம் சிரிச்சாங்க, அது பரவால்ல. நீங்களும் சிரிச்சீங்க."

அல்ஜீப்ராவில் எதைக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பெண் முன்னால் கையில் குடையோடு நின்றேன். கடைசியில் கன்னியம்மாதான் முடிவு சொன்னார். "திங்கக்கெயம வருவா. அவளுக்கும் வரணும்னு தான் கீது, ரோசம் தான். ஆனா டீச்சர், இன்னொரு தபா எவனாச்சும் மீன் கூடைன்னான்னா, நான் கூடையத் தூக்கிகினு நேரா கிளாஸுக்கே வந்துடுவேன். அப்பறம் ஒரு மாசத்துக்கு அங்க பாடம் நடக்காது."

திங்கட்கிழமை வந்தாள். வகுப்பின் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்பது என்று நான் முடிவுசெய்து வைத்திருந்தேன். இரவெல்லாம் யோசித்து வாக்கியம் தயார்செய்திருந்தேன். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. உள்ளே நுழைந்ததும் மேசையில் பிரம்பால் ஒரு தட்டு தட்டினேன். "எல்லாரும் வாயை மூடுங்க. நான் மன்னிப்புக் கேக்கப்போறேன். எவனாவது சிரிச்சீங்க, தோலை உரிச்சிடுவேன். அஞ்சலை, எழுந்து நில்லு" என்றேன். அவள் எழுந்து நின்றாள். நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். வகுப்பு நடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தது. முடித்ததும் அவள், "நான் உக்காரலாமா டீச்சர்?" என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது.

வெளியே வந்தால் ஜன்னலோரம் எத்திராஜ் சார் நின்றிருந்தார். "டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார். "மன்னிப்பு கேக்கும்போது கையில குச்சி இருக்கக் கூடாது." போய்விட்டார். நான் கையைப் பார்த்தேன். பிரம்பு இன்னும் இருந்தது.

மறுநாள் பிரம்பை ஆசிரியர் அறையிலேயே விட்டுவிட்டுப் போனேன். யாரையும் எழுப்பவில்லை. நேராக மூன்றாவது பெஞ்சுக்குப் போய், அஞ்சலையின் பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தேன். இருபது வருஷத்தில் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. மெதுவாக, அவளுக்கும் பக்கத்துப் பெண்ணுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, "நான் சிரிச்சது தப்பும்மா" என்றேன். அவள் புத்தகத்தை நகர்த்தினாள். "இன்னும் இந்தாண்ட தள்ளி குந்துங்க டீச்சர்" என்றாள். "அங்க ஆணி கீது." சொல்லி முடிப்பதற்குள் புடவை கிழிந்துவிட்டது. அந்த ஆணி போன வருஷத்திலிருந்தே அங்கே இருக்கிறதாம். அவர்களுக்குள் முறை வைத்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். நின்றுகொண்டே பாடம் நடத்துகிறவளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? இந்த முறை அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

கோ-கோ என்ன ஆனது என்று கேட்பீர்கள். செங்கல்பட்டுக்குப் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். அஞ்சலை வேகமாக ஓடுகிறேன் என்று கோட்டைத் தாண்டி ஓடியிருக்கிறாள். நான் துக்கம் விசாரிக்கிற மாதிரி எத்திராஜ் சாரிடம் போய் நின்றேன். "தோத்தா இன்னா டீச்சர். ஒம்போது பொண்ணும் ஒரே டிபன் பாக்ஸ்ல கை வெச்சி துன்னுகினு வந்தாங்க" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "ஆனா இன்னும் கொஞ்சம் ஒயுங்கா ஓடியிருக்கலாம்" என்றார்.

அஞ்சலை பத்தாம் வகுப்பில் தேறினாள். கணக்கில் நாற்பத்தொன்று. அதற்கு மேல் நான் விவரம் சொல்ல விரும்பவில்லை. கல்லூரி முடித்து இப்போது நாவலூரில் ஒரு கம்பெனியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வருகிறவர்களை உட்காரச் சொல்வதுதான் வேலை என்று போனில் சொன்னாள். எத்திராஜ் சார் ஓய்வு பெற்றபோது நான் அவருக்கு மாலை போடவில்லை. அவருடைய கடைசி வாரத்தின் பி.டி. பீரியட் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன். என் வகையில் அது பெரிய மரியாதை.

செய்தி கேட்ட அன்று மத்தியானம் பள்ளிக்கரணைக்குப் போனேன். சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருவில் அவர் வீடு. வாசலில் கூட்டம். உள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்தேன். சும்மா உட்கார்ந்து பார்த்தே அறியாத மனிதரைப் படுத்திருக்கப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. அழுதேன். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளராம், ஒரு பெரியவர், யார் யாருக்கோ போன் செய்து ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் கூட வேலை பார்த்தவள் என்று நான் சொன்னதும் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "மேடம், அந்தம்மாகிட்ட இப்பக் கேக்க ஒரு மாதிரியா இருக்கு. சார் எந்தக் கம்யூனிட்டி? சடங்குக்கு ஆள் சொல்லணும், அதுக்குத் தகுந்த மாதிரி" என்றார்.

வாயைத் திறந்தேன்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் முதல் மாதச் சம்பளம் வாங்குவதற்குள் அவர் இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவேன். சொந்த ஊரைக் கேட்பேன், குலதெய்வத்தைக் கேட்பேன், டிபன் பாக்ஸை எட்டிப் பார்ப்பேன். அந்த ஆசிரியர் அறையில் மற்ற எல்லாரையும் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எத்திராஜ் சாரோடு பதினோரு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அவர் மறைத்ததாக எனக்கு நினைவில்லை. அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு நான்தான் கேட்க மறந்துபோயிருக்கிறேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். பெரியவர் நம்பவில்லை. "பதினோரு வருஷம்னு சொன்னீங்களே" என்றார்.

சடங்கு தொடங்கினால் தெரிந்துவிடும் என்று பயந்து, அதற்கு முன்பே தாம்பரம் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். கடைசிவரை இருக்காமல் வந்தது மரியாதைக் குறைவென்று அவர் வீட்டார் நினைத்திருந்தால் மன்னிக்க வேண்டும். இதைப் படிக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கு அந்த விவரம் தெரிந்திருக்கும். என்னைக் கடைத்தெருவில் பார்க்கும்போது பேச்சுவாக்கில்கூட அதைச் சொல்லிவிடாதீர்கள். அவர் நினைவாக என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. இந்த ஒன்று தெரியாமல் இருப்பதைத்தான் வைத்திருக்கிறேன்.